ஒரே ஒரு ‘டக்’

பார்க்கிங் வாட்ச்மேன் சாப்பிடப் போனால் திரும்பி வர இருபது நிமிஷம் ஆகும். அதில் பன்னிரண்டு நிமிஷத்தை இந்தப் பாழாய்ப்போன வண்டி தின்றுவிட்டது.

இத்தனைக்கும் கள்ளச் சாவி சொன்ன பேச்சைக் கேட்டது. ஹேண்டில் பூட்டுகூடப் போட்டிருக்கவில்லை. எந்த முட்டாளோ தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த மாதிரி விட்டுவிட்டுப் போயிருந்தான். ஆனால் ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினால் ஒரே ஒரு ‘டக்’. அதோடு சரி. கிக்கர் கிடையாது. தள்ளிக் கிளப்பலாம் என்றால் இது தரைக்குக் கீழே இரண்டாவது தளம். வெளியே போகும் வழி முழுக்க ஏற்றம்.

திருடன் பதினாலாவது முறையாகப் பட்டனை அழுத்தியபோது பின்னால் யாரோ ‘ச்சு’ கொட்டினார்கள்.

திரும்பினான். தொப்பையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு நடுத்தர வயது ஆள். ஒரு கையில் காய்கறிப் பை. இன்னொரு கையால் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

“என்ன தம்பி, மக்கர் பண்ணுதா?”

“பேட்டரி டவுன் சார்” என்றான், வாயில் வந்ததை.

“எவன் சொன்னான்?” என்றபடி அவர் கையை நீட்டி ஹாரனை அழுத்தினார். தளம் முழுக்க அலறியது. திருடன் சட்டென்று வாட்ச்மேன் வரும் வழியைத் திரும்பிப் பார்த்தான்.

“கணீர்னு கேக்குதா? இப்ப ஹெட்லைட்டைப் போட்டுட்டு ஸ்டார்ட்டரை அமுக்குங்க. லைட் மங்குச்சா? மங்கலை. பேட்டரி செத்திருந்தா லைட் மங்கும். டக்டக்டக்னு குளிர்ல பல்லு அடிச்சுக்கிற மாதிரி சத்தம் வரும். இது ஒரே டக். பேட்டரியும் நல்லாருக்கு, ரிலேவும் நல்லாருக்கு. மிச்சம் என்ன?”

“என்ன சார்?”

“மோட்டார். உள்ள கார்பன் பிரஷ் தேஞ்சுபோய் ஒட்டமாட்டேங்குது. இதுகூடத் தெரியாம எதுக்குத் தம்பி வண்டியில கை வைக்கிறீங்க?”

திருடனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பதினோரு வண்டி தூக்கியவன், ஒரு காய்கறிப் பையிடம் பாடம் கேட்க வேண்டியிருக்கிறது. எங்கே வண்டி நின்றாலும் இப்படி ஒரு மேதாவி கூப்பிடாமலே மூக்கை நுழைக்க வந்துவிடுகிறான். நாளைக்கு போலீஸ் விசாரிக்கும்போது இந்த மேதாவி மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வார் என்று நினைத்துப் பார்த்தான். ரோஷம் கொஞ்சம் தணிந்தது.

“ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?”

இருந்தது. தொழிலுக்கு வைத்திருந்தது. வாட்ச்மேன் வர இன்னும் நாலு நிமிஷம்தான். தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தான்.

மேதாவி பையைக் கீழே வைத்துவிட்டு முனகிக்கொண்டே குனிந்தார். என்ஜினை ஒட்டி விரல் நுழையாத ஒரு சந்து. பார்க்காமலே ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து அதற்குள் நுழைத்தார்.

“கைப்பிடியால மெதுவாத் தட்டணும். ஓங்கி அடிச்சா உள்ள இருக்கிற காந்தம் உடைஞ்சிடும். நான் தட்டுறேன், நீங்க அமுக்குங்க.”

டொக், டொக், டொக். நாலாவது தட்டில் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

“ரொம்ப தேங்க்ஸ் சார்” என்று ஏறி உட்கார்ந்தான். பல வருஷத்தில் அவன் மனசாரச் சொன்ன ஒரே வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

அப்போதும் அவர் வழியை விடவில்லை. “ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. எங்கயும் ஆஃப் பண்ணிடாதீங்க. பண்ணினா மறுபடி இதே கதைதான். ஊரைத் தாண்டுற வரைக்கும் ஓட்டிக்கிட்டே போயிடுங்க.”

ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்து அவன் சட்டைப் பையில் செருகியும் விட்டார்.

ஏற்றத்தில் ஏறும்போது திருடன் கண்ணாடியில் பார்த்தான். மேதாவி கையாட்டிக்கொண்டிருந்தார். உலகத்தில் இப்படியும் ஒரு கேனயன் இருப்பானா என்று சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டான்.

வண்டிச் சத்தம் அடங்கும்வரை அவர் அங்கேயே நின்றார். பிறகு காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு, செல்போனில் மனைவியைக் கூப்பிட்டார்.

“ஒருவழியா நம்ம வண்டி திருடு போயிடுச்சும்மா, இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்து வை. இந்த வாரம் முதல்ல வந்த ரெண்டு தண்டங்களும் ஸ்டார்ட் ஆகலைன்னு விட்டுட்டுப் போயிட்டானுங்க. இன்னைக்கு வந்தவனுக்கு நானே தூணுக்குப் பின்னாடியிருந்து வந்து ரிப்பேர் பார்த்து அனுப்ப வேண்டியதாப் போச்சு.”