பத்தொன்பதாவது மாடி

மும்பையில் ஒரு பணக்காரர் வீட்டில் மாசிலாமணி சமையல்காரன். முதலாளி குடும்பம் வெளியூர் போயிருந்த நாளில், அந்தப் பத்தொன்பதாவது மாடி வரவேற்பறையில் நின்று தன்னைப் படமெடுத்துத் தங்கை அகிலாவுக்கு அனுப்பினான். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அதனால் பொய் சொன்னதாகாது என்று நினைத்துக்கொண்டான்.

மூன்று மாதம் கழித்து அகிலாவின் கணவன் தவசி, பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்கினான். மாசிலாமணி அவனைத் தன் அறைக்கு அழைத்துப் போனான். ஏழு பேர் தங்கியிருந்த தகரக் கொட்டகை அது. கால் வைக்க இடமில்லாமல் தவசி வாசலிலேயே நின்றான்.

“வேலையை விடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாப்ளே.”

“எதுக்குக் கேக்கணும் மச்சான்? அதான் படம் அனுப்பியிருந்தீங்களே.”

அந்தக் குரலில் கோபமே இல்லை. மாசிலாமணியால் அதைத்தான் தாங்க முடியவில்லை. அகிலாவிடம் உண்மையைச் சொல்லிவிட போன் போட்டான். மணி அடிக்கும்போதே தவசி அதை வாங்கிக்கொண்டான்.

“வந்து சேந்துட்டேன் அகிலா. மச்சான் பக்கத்துலதான் இருக்காரு.” சற்றுத் தயங்கினான். “வீடா? பெருசுதான்.”

அகிலா அதைப் பக்கத்தில் யாரிடமோ உரக்கச் சொல்வது மாசிலாமணிக்கும் கேட்டது.