விசிறி நின்ற பிறகு

போடன் ஏரிக்கரை விமான ஆய்வுக்கூடத்தில், இறக்கைகளைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தின் விசிறியை ஒட்டிலி நிறுத்தினாள். உள்ளே மாதிரி இறக்கையில் ஒட்டியிருந்த பட்டு நூல்கள் தொங்கவில்லை. காற்றடிப்பதுபோலப் பின்னோக்கியே நீண்டிருந்தன.

அதே வடிவ இறக்கை கொண்ட விமானத்தில் அவள் கணவன் வெண்டலின் அப்போது ஏரிக்கு மேலே பறந்துகொண்டிருந்தான்.

“காத்து எங்கேர்ந்துடி வருது?” என்றாள் தோழி இர்ம்கார்ட்.

“வரலையே.”

சட்டென்று நூல்கள் தாறுமாறாகத் துடித்தன. விமானம் விழப்போகும்போதுதான் அப்படித் துடிக்கும். ஒட்டிலி பதறிப்போய் இரு கைகளாலும் இறக்கையைப் பிடித்து, முன்விளிம்பைக் கீழே அழுத்தினாள். நூல்கள் மெல்லப் படிந்தன.

வெண்டலின் உயிரோடு இறங்கினான். முகத்தில் ஈயாடவில்லை. விமானத்தின் இறக்கைத் துணியில் ஒவ்வொன்றும் ஆள் உயரமுள்ள இரண்டு கைத்தடங்கள் அழுந்திக் கிடந்தன. வலக்கைத் தடத்தில் ஒட்டிலி போட்டிருந்த அதே மோதிரமும் பதிந்திருந்தது.

ஒட்டிலி ஓடிப்போய்க் கையை நீட்டினாள்.

“வேணாம் ஒட்டிலி, தொடாத,” என்று அவன் பின்னால் நகர்ந்தான்.