மாமியார் வேகவைத்த கோழி

"இந்தக் கோழிய யாருக்காக வேக வெச்சேன் மாப்ள? தெருப் பூனைக்கா?"

மாமியார் கும்சூன் மண்சட்டியை டொக்கென்று மேஜையில் வைத்தாள். முழுக்கோழி. வயிற்றுக்குள் அரிசி, பூண்டு, ஜின்செங் வேர். மேலே பொன்னிறமாய்க் கொழுப்பு மிதந்தது.

மான்சிக் எச்சிலை விழுங்கினான். அவித்த முட்டைக்கோஸ் இலையில் ஒரு துண்டு டோஃபுவைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டான்.

"வேணாம் அத்தை. வயிறு நிறைஞ்சிடுச்சு."

"முட்டைக்கோஸ்ல வயிறு நிறைய நீங்க என்ன முயலா?"

மான்சிக் கொரியாவின் தேகு நகரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். அவன் வலப்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்தாலே வண்டி சாயும். "சார், வண்டி வலது பக்கமா இழுக்குது" என்பார்கள் புதிதாகப் பழக வருகிறவர்கள்.

வசந்த காலத்தில்தான் மாமியார் கிராமத்திலிருந்து வந்திருந்தாள். கண் மஞ்சளாகி, கால் வீங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்கும் மகள் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். நாக்குக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

அவள் வந்த கொஞ்ச நாளில் மான்சிக்குக்கு இளைக்கும் பைத்தியம் பிடித்தது.

முதலில் ஓடினான். ஆற்றங்கரையில் மூச்சிரைக்க ஓடிவிட்டு, திரும்பும் வழியில் பொரித்த கோழியும் பீரும்.

"என்னங்க இது?" என்றாள் மனைவி ஹேரான்.

"ஓடினவனுக்குக் கூலி வேணாமா?"

எடை ஏறியது. பிறகுதான் புத்தி வந்தது.

"நான் ஓடறது அரைமணி நேரம். வாய் ஓடறது நாள் முழுக்க. அதையில்ல முதல்ல நிறுத்தணும்!"

ஓட்டத்தை விடவில்லை, வாயைக் கட்டினான். பீர் போனது, நூடுல்ஸ் போனது. அலுவலக விருந்துகளில் பன்றி இறைச்சியைச் சுட்டு, கத்தரிக்கோலால் வெட்டி, எல்லார் தட்டிலும் வைத்துவிட்டுத் தன் விரலை மட்டும் மோந்து பார்த்துக்கொண்டான்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. காலையில் வெங்காய அடை, மதியம் பன்றிக்கால், இரவு கோழி. ஒருநாள் அவன் ஓடும்போது போடும் ஷூவைக் காணோம். கிம்ச்சி ஊறுகாய்க்கென்றே இருக்கும் ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது.

"அம்மா, நீயா வெச்ச?"

"யாருக்குத் தெரியும்? அது இருக்கட்டும். நாப்பத்தெட்டு வயசுல ஒரு ஆம்பள திடீர்னு இளைக்கிறான்னா, எவளுக்காகன்னு கேக்க மாட்டியாடி?"

ஹேரானுக்குச் சுருக்கென்றது.

அன்று சாயங்காலமே பால்கனியில் கணவன் ஃபோனில் கிசுகிசுப்பது காதில் விழுந்தது. "சரிங்க மிஸ் யுன். சனிக்கிழமை வெறும் வயித்தோட வந்துடறேன். வீட்ல சொல்லல. மாமியாருக்குத் தெரியவே கூடாது."

"வெறும் வயித்தோடயா?" என்றாள் கும்சூன், மகள் அழுதுகொண்டே சொன்னதும். "நம்ம கோழி வேணாமாம், அவ சோறு வேணுமாம்! போ, போய்த் தடுத்து நிறுத்து."

சனிக்கிழமை ஹேரான் டாக்சி பிடித்துப் பின்னாலேயே போனாள். மான்சிக்கின் கார் அம்மா வைத்தியம் பார்த்துக்கொள்ளும் அதே ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது.

வெகு நேரம் காத்திருந்துதான் அவன் ஓர் அறைக்குள் போனான். கதவு சாத்தியும் சாத்தாமலும் இருந்தது. உள்ளே ஒரு பெண் குரல்: "எவ்வளவு அழகா இருக்கு! முதல்ல பாத்ததுக்கும் இப்ப பாக்கறதுக்கும் சம்பந்தமே இல்ல."

ஹேரான் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள். "எதுடி அழகா இருக்கு?"

வெள்ளைக் கோட்டு போட்ட மிஸ் யுன் மிரண்டுபோய்க் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினாள்.

"இவரோட ஈரல்மா."

மான்சிக் தலையைச் சொறிந்தான். "அத்தைக்குக் குடுக்க உன் ஈரல் பத்தாது, சின்னதுன்னு சொல்லிட்டாங்க இல்ல? வீட்ல பெருசா எது இருக்குன்னு யோசிச்சேன். நான்தான் இருந்தேன்."

"போன தடவை கொழுப்பு மூடியிருந்துச்சு. அப்படிப்பட்ட ஈரல்ல துண்டு வெட்டி எடுக்க மாட்டோம்" என்றாள் யுன். "இப்ப உங்கம்மாவுக்குத் தாராளமாக் குடுக்கலாம்."

ஹேரான் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அப்புறம் சிரித்தாள். அப்புறம் அவன் தோளில் நாலு அடி போட்டாள்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் கும்சூனுக்கு முகம் செத்துப்போயிற்று. "எனக்கு வேணாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"உனக்காக மனுஷன் பட்டினி கிடந்திருக்காரும்மா. நன்றின்னு ஒரு வார்த்தை வராதா?"

மகள் அவள் காலைப் பிடித்துக் கதறிய பிறகுதான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு வாரம் கழித்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியாரும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் வயிற்றைப் பிடித்தபடி நடை பழகினார்கள். கும்சூனின் கண்ணில் மஞ்சள் போய் வெளுத்திருந்தது.

ஹேரானுக்கு மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை.

"நீ போட்ட தீனியெல்லாம் இவர் தின்னிருந்தா இந்நேரம் நீ இருந்திருக்க மாட்ட. தெரியுமா?"

"தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். இவர் முதல்நாள் இங்க டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டு ஒளிஞ்சு ஒளிஞ்சு வெளிய வந்தப்பவே பாத்துட்டேன், எனக்காகன்னு புரிஞ்சிடுச்சு. கொழுப்பு ஈரலை வெட்ட மாட்டாங்கன்னு பக்கத்துக் கட்டில்காரி சொன்னா."

மான்சிக் அப்படியே நின்றுவிட்டான். கும்சூன் அவனுடைய ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்தாள்.

"இவர் வயித்துல ஒரு கத்தி பட்டுடக் கூடாதேன்னுதான்டி கோழி கோழியா வேக வெச்சேன். பாவி மனுஷன், ஒரு வாய் தின்னாத்தானே!"