அழித்த தடம்

கிராண்ட்ஸ்லாம் டென்னிஸ் அரையிறுதி, செம்மண் ஆடுகளம், கடைசி செட். எதிராளி அடித்த பந்து வெளியே போனதாக லைன் நடுவர் கை நீட்டினார். இளம்பரிதி கோட்டருகே போய்க் குனிந்து பார்த்தான். பந்தின் தடம் கோட்டைத் தொட்டிருந்தது. ஷூவால் அதை அழித்துவிட்டு, "உள்ளேதான்" என்றான். அந்த வார்த்தையால் எதிராளிக்கு மேட்ச் பாயிண்ட் கிடைத்தது; இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் அவனுடையது.

பார்வையாளர் வரிசையில் பயிற்சியாளர் ராயப்பன் தலையில் கைவைத்தார். "யாரும் கேக்கலையேம்மா. இவன் ஏன் போய்ச் சொல்றான்?"

"சொல்லாம விட்டிருந்தா அடுத்த பந்த அடிக்க அவருக்குக் கை வராது சார்" என்றாள் பக்கத்தில் இருந்த இளம்பரிதியின் மனைவி மேகலா.

எதிரே, உலகின் முதல்நிலை வீரன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். இளம்பரிதி நிதானமாக, சர்வீஸுக்குப் பந்தை மேலே எறிந்தான்.