பார்க்க வந்தவர் பெயர்

மேசைக்கு அடியில் கையை விட்டுத் தூக்குவாளியைத் தொட்டுப் பார்த்தாள்.

சூடு போய்விட்டது.

காலையிலிருந்து பள்ளி வாசலில் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். மாதத்தின் இரண்டாம் சனி. விடுதிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்து பார்த்துப் போகிற நாள். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர்களில் இந்த மாதம் டியூட்டி அவளுக்கு.

வருகிறவர்கள் பதிவேட்டில் எழுத வேண்டும். பிள்ளையின் பெயர். பார்க்க வந்தவர் பெயர். உறவுமுறை. வந்த நேரம். போன நேரம்.

எழுதினால்தான் ஆயா போய்ப் பிள்ளையைக் கூப்பிடுவாள். பிஷப்பே வந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒரு கொரியாக்காரத் தம்பதி தங்கள் எழுத்தில் எழுதிவிட்டுக் குனிந்து வணங்கினார்கள். நாகாலாந்திலிருந்து ஒருவர் மூன்று நாள் பயணப்பட்டு வந்திருந்தார். ஷூவில் காய்ந்த சேறு. அவர் மகள் ஓடி வந்து அவர் வயிற்றில் முட்டிக்கொண்டு நின்றாள். முகத்தை எடுக்கவே இல்லை.

அவள் ஸ்கேலை வைத்து அடுத்த வரிக்குக் கோடு போட்டாள்.

யாரும் வராத பிள்ளைகள் எதிரே படிப்பறையில் இருந்தார்கள். பதினொரு பேர். தூரதேசத்தில் மிஷன் ஊழியம் செய்கிறவர்களின் பிள்ளைகள். ஆளுக்கொரு வாழைப்பழம், ஒரு பிஸ்கட் பாக்கெட்.

அந்தப் பதினொன்றில் ஒன்று அவள் பெற்றது.

எமீமா.

நாலு வருஷம் முன்னால் விடுதியில் சேர்த்த அன்று, சாப்பாட்டறையில் அது அவளைப் பார்த்துவிட்டு “அம்மா” என்று கத்தியது. அறுபது பிள்ளைகள் கரண்டியைக் கீழே வைத்தன. முதலில் ஒன்று அழுதது. பிறகு அறையே அழுதது. எத்தனை பாட்டுப் பாடியும் அடங்கவில்லை.

மறுநாள் காலை மகளை உட்கார வைத்து அவள்தான் சொல்லிக் கொடுத்தாள்.

இந்த கேட்டுக்குள்ளே நான் உனக்கும் மிஸ்.

ஆறு வயது. ஒரே நாளில் படித்துக்கொண்டது.

கெட்டிக்காரப் பிள்ளை என்று எல்லாரும் சொன்னார்கள்.

விடுமுறைக்கு ஒடிசாவுக்குப் போவார்கள். அதன் அப்பாவுக்கு அங்கே ஊழியம். இரண்டு நாள் ரயில். கேட்டுக்கு வெளியேதான், யார் கேட்கப் போகிறார்கள். ஆனாலும் பிள்ளை அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் முந்தானையைப் பிடித்து இழுக்கும்.

போன கோடையில் அதுவும் இல்லை. தண்ணீர் பாட்டிலைத் தானே எட்டி எடுத்துக்கொண்டது.

சுமை தூக்குகிறவனுக்குக் கயிறு எந்த இடத்தில் இற்றுக்கொண்டு வருகிறதென்று கை சொல்லும். அவளுக்கும் சொல்லியது.

பிரின்சிபாலிடம் போய் நின்றாள். தன் பெயரையும் ஒருநாள் பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

அவர் தலையசைத்தார்.

“எழுதிக்கோங்க சிஸ்டர். டியூட்டி முடிஞ்ச பிறகு.”

இன்று விடியுமுன் எழுந்து தேங்காய்ச் சோறு கிண்டினாள். முட்டை அவித்தாள். எமீமா தேங்காயை நன்றாக முறுகவிட்டால்தான் சாப்பிடும். சாப்பிட்டதாக ஞாபகம்.

நான்கு மணிக்கு மேல் யாரும் வரவில்லை.

பேனாவை எடுத்தாள். மகளின் பெயரை எழுதினாள். தன் பெயரை எழுதினாள். உறவுமுறை என்கிற கட்டத்தில் ‘அம்மா’ என்று எழுதும்போது பேனா அழுந்தி, தாளில் பள்ளம் விழுந்தது.

ரத்தினபாய் ஆயா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“என்ன மிஸ், பெத்த பிள்ளையப் பாக்க நீங்களே பேரு குடுத்துட்டு நிக்கீங்க!”

“கூப்பிடுங்கக்கா.”

“யாரு வந்திருக்கான்னு சொல்லட்டும்?”

“யாருன்னு சொல்லாதீங்க. விசிட்டர்னு மட்டும் சொல்லுங்க. வந்து பாக்கட்டும்.”

ஆயா போனாள்.

அவள் எழுந்து மேசையைச் சுற்றி, வந்தவர்கள் நிற்கிற பக்கத்தில் போய் நின்றாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். தூக்குவாளியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை ஓடி வந்தது.

அது அப்படி ஓடி அவள் பார்த்ததில்லை. ஒரு பக்கம் ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. ஒரு கால் சாக்ஸ் இறங்கியிருந்தது. மூச்சு வாங்க மேசைக்கு முன்னால் வந்து நின்றது.

அவளைத் தாண்டி கேட்டைப் பார்த்தது.

யூகலிப்டஸ் மரத்தடியைப் பார்த்தது.

கார்கள் நிற்கிற இடத்தைப் பார்த்தது.

“யாரு மிஸ் வந்திருக்காங்க?”

அவள் வாயைத் திறந்தாள். காலையிலிருந்து தயாராக வைத்திருந்த பதில்தான்.

படிப்பறை ஜன்னலில் பத்து முகங்கள். வாழைப்பழத்தைப் பாதி உரித்தபடி. மெல்லுவதை நிறுத்திவிட்டு.

அவள் தூக்குவாளியை நீட்டினாள்.

“உங்க அம்மா குடுத்து விட்டாங்க.”

பிள்ளை வாளியைப் பார்த்தது. அதன் மூடியில் ஒரு நெளிவு. போன வருஷம் ரயிலில் பிள்ளையே கீழே போட்டு நெளித்தது.

அதை விரலால் தடவியது.

பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தது. கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது.

“தேங்க்ஸ் சொல்லிருங்க, மிஸ்.”

திரும்பிப் போகும்போது ஓடவில்லை.

அவள் மேசையைச் சுற்றித் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். பதிவேடு திறந்தே கிடந்தது. கடைசி வரியில் ஒரு கட்டம் மட்டும் காலி.

போன நேரம்.

கடிகாரத்தைப் பார்த்தாள்.

எழுதினாள்.