இதுதான் கடைசி வருஷம்

ஆற்றில் புதுவெள்ளம் நுரைத்துவிட்டால் நீர்நாய்க்குக் கால் தரையில் பாவாது. நண்பர்களோடு போகும் ஆற்றுப் பயணத்துக்குப் பாக்குமட்டைப் படகு, துடுப்பு, மணல்திட்டில் கூடாரம் எல்லாம் வருஷா வருஷம் அதன் ஏற்பாடுதான்.

இந்த வருஷமும் சுழலில் கவிழ்ந்து சிரித்துக் கரையேறி எல்லாரும் வெயில் காய்ந்தபோது, நீர்நாய் வழக்கம்போல் அலுத்துக்கொண்டது: “இதுதான் கடைசி. அடுத்த வருஷம் வேற யாராவது பாத்துக்கோங்கப்பா.”

எப்போதும் அணில்கள், “ஐயோ, நீங்க இல்லாமலா அண்ணே!” என்று கெஞ்சும். இந்தத் தடவை அவை வாயைத் திறப்பதற்குள், புதிதாக வந்த ஆமை, “சரிண்ணே, நான் பாத்துக்கறேன்” என்றது.

நீர்நாய்க்குத் தூக்கிவாரிப்போட்டது. “தாராளமா! ஆனா ரெண்டாவது பாறைகிட்ட இடது பக்கம் ஒதுங்கணும், கூடாரத்தை மேற்கே பாத்துப் போட்டா காத்து தூக்கிடும், அப்புறம்...” என்று அது மூச்சுவிடாமல் அடுக்கியதில், ஆமை மெல்லத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

“பாத்தீங்களா? இதை நம்பி எப்படி விடுறது?” என்ற நீர்நாய், நிம்மதியாக மல்லாந்து படுத்தது.