பிரசவம் முடிந்ததும் எடுக்கலாம்

ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் இடது கன்னம் அவளுடையதாக இல்லாமல் போயிற்று.

உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். வேறு யாருடைய உதட்டையோ தொட்டது போலிருந்தது.

பல் டாக்டரம்மா கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே சிரித்தார்.

“போன தடவை வயித்தைத் தூக்கிட்டு வந்தீங்க. இந்த நாற்காலியில சாயவே முடியல உங்களால.”

சலேத் தலையாட்டினாள்.

அப்போது ஏழாம் மாதம். ஞானப்பல் ஈறைக் கிழித்துக்கொண்டு, பாதி வெளியேயும் பாதி எலும்புக்குள்ளுமாய்க் கோணிப் படுத்திருந்தது. வலி காது வரைக்கும் தெறித்தது. எக்ஸ்ரே வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. பிரசவம் முடிந்ததும் எடுக்கலாம். அதுவரை உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் போதும்.

கொப்பளித்தாள். வயிற்றைத் தடவி, “நீ வந்த பிறகுதானாம்” என்று சொல்லிச் சொல்லிக் கொப்பளித்தாள்.

பிரசவம் முடிந்துவிட்டது.

“என்ன குழந்தை?”

டாக்டரம்மாவின் விரல்கள் கன்னத்துக்குள் இருந்தன.

“பொண்ணு” என்றாள். உதடு ஒட்டவில்லை. “ஒண்ணு” என்று வந்தது.

“பொண்ணா! நல்லா பால் குடிக்கிறாளா? எதுக்குக் கேக்கறேன்னா, அதுக்கேத்த மாத்திரையா எழுதணும்.”

தலையை ஒரு முறை பக்கவாட்டில் அசைத்தால் போதும்.

மேலும் கீழும் அசைத்தாள்.

ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் இந்தத் தூத்துக்குடியிலேயே அந்த ஓர் அறையில் மட்டும் அவள் மகள் உயிரோடிருந்தாள். பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா பல்லை உடைத்து உடைத்து எடுத்தார். வலிக்கவில்லை. சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்டது. கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

“வலிக்குதா?”

இல்லை.

“அவ்வளவுதான். முடிஞ்சிருச்சும்மா.”

தையல் போட்டார். பஞ்சை மடித்து வைத்து, அழுத்திக் கடிக்கச் சொன்னார். இன்று பேசக் கூடாது என்றார்.

அது நல்லதாகப் போயிற்று.

வெளியே அவள் கணவன் டெரன்ஸ் எழுந்து நின்றான். டாக்டரம்மாவும் கூடவே வந்தார்.

“சூடா எதுவும் கொடுக்காதீங்க. ஐஸ் வைங்க. அப்புறம், இன்னிக்கு ஒரு ராத்திரி குழந்தையை நீங்க வச்சுக்கணும். பால் குடிக்க மட்டும் இவங்ககிட்ட கொடுங்க. பாவம், தூங்கட்டும்.”

அவன் சலேத்தைப் பார்த்தான்.

அவள் பஞ்சைக் கடித்தபடி தரையைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவான். டாக்டரம்மாவின் முகம் மாறும். ஐயோ என்பார். தோளைத் தொடுவார். எல்லோரும் செய்ததையெல்லாம் அவரும் செய்வார்.

“சரிங்க டாக்டர்” என்றான் டெரன்ஸ். “நான் பாத்துக்கிடுதேன்.”

பைக்கில் வீடு திரும்பினார்கள்.

வீட்டில் மாமியார் கஞ்சியை ஆற்றிக் கொண்டுவந்து வைத்தாள். மருமகளின் ஈரக் கண்ணைப் பார்த்தாள்.

“பல்லு வலி பொல்லாதது. அழணும்னா அழு தாயி.”

இத்தனை மாதமாக அந்த வீட்டில் அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அழாதே, தையல் பிரியும் என்றார்கள். அழாதே, அடுத்தது வரும் என்றார்கள். இன்று பல்லுக்காக அழலாம்.

சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதாள்.

பிள்ளை அசையவில்லை என்றுதான் அன்று ஓடினார்கள். வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். ரத்தம் நிற்கவில்லை. அவள் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெற்றவள் பார்த்தால் தாங்க மாட்டாள் என்று பெரியவர்கள் சொல்ல, டெரன்ஸ்தான் கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்டால் அவன் உடைந்துவிடுவான் என்று அவளுக்குப் பயம். சொன்னால் அவள் உடைந்துவிடுவாள் என்று அவனுக்கு.

சாயங்காலம் மரப்பு விட்டது. வலி வந்தது.

அவன் ஐஸைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தான். கன்னத்தில் பதித்துப் பிடித்தான். தண்ணீர் அவன் மணிக்கட்டு வழியாக ஓடி அவள் கழுத்தில் சொட்டியது.

துண்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே சொன்னான்.

“அந்தம்மா சொன்னப்ப, பிள்ளை இல்லன்னு சொல்ல எனக்கும் வாய் வரல.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். வாயைத் திறந்தால் தையல் இழுத்தது. நாக்கில் ரத்தம் உப்பாய்க் கரித்தது.

“பிள்ளைக்கு முடி இருந்துச்சா?”

வார்த்தை குழறிற்று. ஆனாலும் அவனுக்கு விளங்கியது.

துண்டைக் கீழே வைத்தான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். ஆள்காட்டி விரலை அவள் நெற்றியில், புருவத்துக்குச் சற்று மேலே வைத்தான்.

“இங்கன வரைக்கும்.”

விரலை எடுக்கவில்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இன்னும் சொல்லுங்க” என்றாள்.